கேசட்டில் உப்பு, அடாப்டரில் நூறு வோல்ட்: பழைய வீடியோ கேம் பற்றி வாசகர் கேள்விகள்

காயலான் கடைகளிலும் செகண்ட் ஹேண்ட் கடைகளிலும் கிடைக்கும் பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பற்றி வாசகர்கள் கேட்கலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களிலிருந்து வந்திருக்கிறது. இந்தக் கரைக்கு இப்பெட்டிகள் மதுரை, சென்னைக் கடைவீதிகள் வழியாக வந்ததைப் போலவே, வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வேலை பார்த்து விடுமுறைக்குத் திரும்பியவர்களின் பயணப்பெட்டிகளுக்குள்ளும் வந்து சேர்ந்தன. ஆகவே யார் எதைக் கேட்டாலும், பதில் சொல்வதற்கு முன்பு நான் தெரிந்துகொள்ள விரும்புவது அந்தப் பெட்டி எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதைத்தான். மின்சாரம், படம், வட்டு ஆகிய மூன்றும் அதைப் பொறுத்தே அமைகின்றன.

கேள்வி: எங்கள் ஊர் காயலான் கடையில் சிவப்பும் வெள்ளையுமான ஒரு வீடியோ கேம் பெட்டி கிடைத்தது. அடியில் ஜப்பானிய எழுத்துகள் இருக்கின்றன. இரண்டு ஜாய்ஸ்டிக்குகளும் பெட்டியோடு சேர்ந்தே இருக்கின்றன, கழற்ற முடியவில்லை. அடாப்டர் இல்லை. வாப்பா பயன்படுத்திய பழைய ரேடியோவின் 9 வோல்ட் அடாப்டர் வீட்டில் இருக்கிறது. அதைச் செருகிப் பார்க்கலாமா? (கீழக்கரை)

பதில்: செருகிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால், அது 1983 ஜூலை மாதம் நிண்டெண்டோ நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம் பெட்டியின் அசல் வடிவமாக இருக்கக்கூடும். இந்தியாவில் நம்மில் பலர் சிறுவயதில் விளையாடிய பெட்டிகள் இதன் நகல்கள்தாம். நகல்களிலும் சிவப்பு வெள்ளை நிறம் உண்டு என்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. அடிப்பக்கத்தில் எச்.வி.சி-001 என்ற எண் இருக்கிறதா, இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்களுக்குப் பதிலாகச் சிறிய மைக் துளைகள் இருக்கின்றனவா, பக்கவாட்டில் படத்தையும் ஒலியையும் டிவிக்குக் கொண்டு போகும் மஞ்சள், வெள்ளை நிற ஏவி துளைகள் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் அசல் என்று ஓரளவு உறுதியாகக் கொள்ளலாம். நகல்களில் பெரும்பாலும் ஏவி துளைகள் உண்டு. ஜாய்ஸ்டிக்குகளையும் கழற்றி மாட்டலாம்.

அசல் பெட்டிக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லியாம்பியர் மின்சாரம். அதைவிட முக்கியம், அதன் பின்னின் நடுவில் மைனஸும் வெளிவட்டத்தில் பிளஸும் இருக்க வேண்டும் என்பது. கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பல இதற்கு நேர்மாறாக, நடுவில் பிளஸ் உள்ளவை. வாப்பாவின் அடாப்டர் எந்த வகை என்பதை அதன் மேலுள்ள சிறிய வட்டப் படம் சொல்லும். அது தேய்ந்திருந்தால் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். 9 வோல்ட் டிசி, நடுவில் மைனஸ், 850 மில்லியாம்பியரோ அதற்கு மேலோ தாங்கும் என்றால் அதைப் பயன்படுத்தலாம், ஏனெனில் உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் எப்படியும் அதை 5 வோல்ட்டாகக் குறைத்துத்தான் சிப்புக்குக் கொடுக்கிறது. இதே நிறுவனம் அமெரிக்காவில் விற்ற சாம்பல் நிறப் பெட்டியின் அடாப்டர் 9 வோல்ட் ஏசி தருவது. அதை ஃபேமிகாமில் செருகினால் பெட்டி கெட்டுவிடும். இன்னொரு நாள் அதே கடையில் ஜப்பானிய அடாப்டரே கிடைத்தாலும் அவசரப்படக் கூடாது. அது ஜப்பானின் 100 வோல்ட் வீட்டு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. நம் சுவரிலுள்ள 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் முதலில் அடாப்டரும், நேரம் சரியில்லாவிட்டால் அதன் பின்னாலேயே பெட்டியும் போய்விடும்.

மின்சாரம் சரியான பிறகு படம் என்ற அடுத்த சிக்கல் வரும். இந்தப் பெட்டி ஆன்டெனா கம்பி வழியாக மட்டுமே படத்தை அனுப்புகிறது, அதுவும் ஜப்பானின் முதலிரண்டு சேனல்களில். அந்த அலைவரிசை 90 முதல் 102 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. இங்கே நாம் எஃப்எம் வானொலி கேட்கும் இடம். நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சிகள் அந்த இடத்தில் சேனல் தேடுவதில்லை. தேடிப் பிடித்தாலும் ஜப்பானின் படமுறை என்டிஎஸ்சி, நம்முடையது பிஏஎல் என்பதால் வண்ணமும் ஒலியும் சேர்ந்து வருவது அரிது. ஆகையால் படத்தை ஆன்டெனா அலைவரிசைக்கு மாற்றும் ஆர்எஃப் பகுதியைத் தவிர்த்து, சிப்பிலிருந்து வரும் படத்தை நேராக ஏவி கம்பிக்கு எடுத்துத் தரும் மாற்றத்தை அனுபவமுள்ள ஒரு டிவி மெக்கானிக்கிடம் செய்துகொள்வதே நல்லது. பெட்டியின் மேலோட்டில் துளை போடாமல், பழைய துளை வழியாகவே கம்பியை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். நாளைக்கு நீங்களே விற்க நினைத்தாலும் துளை போட்ட ஓட்டுக்கு மதிப்புக் குறைவு.

கேள்வி: பரணில் கிடந்த கேசட்டுகளை எடுத்துப் பார்த்தால் பித்தளை போன்ற பற்களில் பச்சை பூத்திருக்கிறது. சின்ன வயதில் ஊதிவிட்டுச் செருகுவோம், வேலை செய்யும். இப்போது எவ்வளவு ஊதினாலும் திரையில் கோடுகள்தான் வருகின்றன. பெட்டி கெட்டுவிட்டதா? (பாம்பன்)

பதில்: பெட்டி கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. ஊதுவது எந்தக் காலத்திலும் கேசட்டைச் சரிசெய்ததில்லை; கழற்றித் திரும்பச் செருகும்போது பற்கள் புதிய இடத்தில் உராய்ந்து தொடர்பு கொண்டதால் விளையாட்டு வந்தது, பெயர் மட்டும் ஊதலுக்குக் கிடைத்தது. வாயிலிருந்து போகும் ஈரம் செம்பைத் தின்னும் என்பதால், கேசட்டுக்குள் ஊத வேண்டாம் என்று நிண்டெண்டோ நிறுவனமே எச்சரித்திருக்கிறது.

இரு பக்கமும் கடல் உள்ள உங்கள் ஊரில் ஊதாமலேயே அந்த வேலை நடந்துவிடுகிறது. காற்றில் மிதந்து வரும் உப்புத்துகள் பற்களின் மேல் படிகிறது. காற்றின் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டும்போது அந்த உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாக மாறுகிறது. பற்களின் மேலுள்ள மெல்லிய தங்கப் பூச்சில் எங்கெல்லாம் கீறல் இருக்கிறதோ அங்கெல்லாம் அது கீழேயுள்ள செம்பை அடைந்து பச்சையாக்குகிறது. நகல் கேசட்டுகளில் பூச்சு இன்னும் மெல்லியது என்பதால் அவையே முதலில் பாதிக்கப்படுகின்றன.

சுத்தம் செய்வதற்கு எல்லோரும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பரிந்துரைக்கிறார்கள். அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், உப்பை எடுக்காது. ஏனெனில் உப்பு அதில் கரைவதே இல்லை எனலாம். மற்ற ஊர்களுக்கு அது போதும், கடற்கரைக்குப் போதாது. முதலில் கேசட்டின் மேலோட்டைத் திறந்து உள்ளிருக்கும் சர்க்யூட் பலகையை வெளியே எடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பஞ்சுக்குச்சியை நனைத்துப் பற்களை மட்டும் துடையுங்கள். பஞ்சில் பச்சை வருவது நிற்கும்வரை குச்சியை மாற்றிக்கொண்டே இருங்கள். அதன் பிறகு ஆல்கஹாலால் துடைத்தால் மிச்சமுள்ள நீரையும் அது தன்னோடு கொண்டு போய்விடும். ஒரு பகல் முழுவதும் நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்திய பின்னரே மேலோட்டை மூட வேண்டும். பச்சை இறுகிப்போயிருந்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை ரப்பரால் மிக மெதுவாக ஒருமுறை தேய்க்கலாம். உப்புத்தாள் கூடவே கூடாது, அது தங்கப் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் தேங்காய் எண்ணெயும் தூசியைப் பிடித்துவைக்கும் என்பதால் அவையும் வேண்டாம்.

பெட்டிக்குள் கேசட் போய் உட்காரும் இடத்திலுள்ள பற்களிலும் இதே உப்பு இருக்கும். சுத்தமான கேசட்டை அழுக்கான பெட்டியில் செருகிப் பயனில்லை. கேசட்டின் பலகையையே ஈரத்துணி சுற்றிய மெல்லிய அட்டை போலப் பயன்படுத்தும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதைவிட, பெட்டியைத் திறந்து பல்லுக்குப் பல் துடைப்பதே பாதுகாப்பானது. எல்லாம் முடிந்த பின் பரணுக்கே திருப்பி அனுப்பாமல், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கோடுகளே வந்தால், கேசட்டின் பலகையில் கறுப்புத் தாரைச் சொட்டியது போன்ற ஒரு பொட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நகல்களில் சிப் அதற்குள்தான் இருக்கிறது. உப்பு அதற்குள் இறங்கியிருந்தால் பழுதுபார்க்க வழியில்லை.

கேள்வி: 9999999 விளையாட்டுகள் என்று எழுதியிருக்கும் கேசட் ஒன்றைச் சந்தைக் கடையில் வாங்கினேன். சேகரிப்பவர்கள் இதையெல்லாம் குப்பை என்கிறார்களே, உண்மையா? (தொண்டி)

பதில்: எண் பொய், குப்பை என்பது அதைவிடப் பெரிய பொய். அந்தக் கேசட்டில் உண்மையில் இருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில விளையாட்டுகள். ஒரே விளையாட்டை இரண்டாம் கட்டத்திலிருந்து தொடங்குவது, கூடுதல் உயிர்களோடு தொடங்குவது என்று மாற்றி மாற்றிப் பட்டியலில் அடுக்கியிருப்பார்கள். 1980-களின் முற்பகுதியில் வந்த விளையாட்டுகள் மிகச் சிறியவை என்பதால்தான் இது முடிந்தது. 1985-இல் வந்த பேட்டில் சிட்டி, நாம் டாங்கி என்று ஆடிய அந்த விளையாட்டு, வெறும் 24 கிலோபைட். அதே ஆண்டின் சூப்பர் மரியோ பிரதர்ஸ் 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் வரும் ஒரு காலை வணக்கப் படம் இவற்றைவிடப் பெரியது. காண்ட்ரா 128 கிலோபைட் என்பதால் இத்தகைய கேசட்டுகளில் அதை அரிதாகவே பார்க்க முடியும். அதற்கெனத் தனிக் கேசட் வாங்க வேண்டியிருந்தது.

அசல் ஜப்பானியக் கேசட்டுகளைப் பற்றி உலகெங்கும் உள்ளவர்கள் ஆவணப்படுத்திவிட்டார்கள். எந்த நகல் கேசட் எந்த ஊரில் எந்தக் கடையில் விற்றது, அதன் மேலட்டையில் யாருடைய படம் ஒட்டப்பட்டிருந்தது என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. என் கருத்தில், இந்தக் கரையில் சேகரிப்பவர் முதலில் சேர்க்க வேண்டியவை இவைதாம். லேபிளின் மேலுள்ள பழைய கடையின் விலைச்சீட்டைச் சுரண்டி எடுத்துவிடாமல், இரு பக்கமும் பலகையும் தெரியும்படி படமெடுத்து, பட்டியலில் வரும் உண்மையான விளையாட்டுகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கேள்வி: துப்பாக்கியால் வாத்து சுடும் விளையாட்டு எங்கள் எல்இடி டிவியில் வேலை செய்யவில்லை. துப்பாக்கி புதிதாகவே இருக்கிறது. (இராமநாதபுரம்)

பதில்: துப்பாக்கியில் குறை இல்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் முழுக்கக் கறுப்பாகி, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் முனையிலுள்ள ஒளியுணர்வான் முதலில் கறுப்பையும் பிறகு வெள்ளையையும் பார்த்தால்தான் குண்டு பட்டதாகக் கணக்கு. குண்டுபல்பை நோக்கிச் சுட்டு ஏமாற்ற முடியாமல் போனதும் இதனால்தான், பல்பு கறுப்பாவதில்லை. பிக்சர் டியூப் உள்ள தொலைக்காட்சி படத்தை வந்த கணத்திலேயே காட்டிவிடும். எல்இடி டிவி அதை வாங்கி, பெரிதாக்கி, சீர்செய்து, அதன் பிறகே காட்டுகிறது. அந்தச் சிறிய தாமதத்துக்குள் பெட்டி தன் கணக்கை முடித்துவிடுகிறது. தாமதத்தைக் குறைக்க டிவியில் உள்ள கேம் மோடு வைத்தால் மரியோ தாவுவது சற்றுச் சுறுசுறுப்பாகும், துப்பாக்கி மட்டும் வேலை செய்யாது.

நல்ல வேளையாக, நம் மாநிலத்தில் 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வீடு வீடாகக் கொடுக்கப்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் இன்னும் காயலான் கடைகளில் கிடைக்கின்றன. வாங்கும் முன் கடையிலேயே ஓட்டிப் பார்த்து, ஏவி துளை இருப்பதையும் படம் நான்கு மூலையிலும் நேராக இருப்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். பிக்சர் டியூபில் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும், சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்காது.

கேள்வி: மச்சான் பல ஆண்டுகளுக்கு முன்பு சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்த பிளேஸ்டேஷன் 2 நன்றாக ஓடுகிறது. அவர் கொண்டு வந்த இரண்டு டிஸ்குகளும் வருகின்றன. மதுரையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய அசல் டிஸ்குகள் மட்டும் வருவதில்லை. லென்ஸ் போய்விட்டதா? (பெரியபட்டினம்)

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. மச்சானின் இரண்டு டிஸ்குகள் ஓடுவதே அதற்குச் சாட்சி. சோனி நிறுவனம் இந்தப் பெட்டியை உலகம் முழுவதற்கும் ஒன்றாக விற்கவில்லை. சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங் ஆகியவை ஜப்பானோடு சேர்ந்த ஒரு மண்டலத்திலும், இந்தியாவும் வளைகுடா நாடுகளும் ஐரோப்பாவோடு சேர்ந்த பிஏஎல் மண்டலத்திலும் இருந்தன. ஒரு மண்டலத்தின் பெட்டி மற்றொன்றின் டிஸ்கைத் திறக்காது. உங்கள் தெருவில் துபாயிலிருந்து பிளேஸ்டேஷன் கொண்டு வந்தவர் யாராவது இருந்தால், மதுரை டிஸ்குகளை அவருக்குக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக வேறொன்றைக் கேட்கலாம். இனி வாங்கும்போது டிஸ்கின் மேலும் உறையின் முதுகிலும் பிஏஎல் என்றோ என்டிஎஸ்சி-ஜே (ஜப்பானோடு சேர்ந்த மண்டலம்) என்றோ அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். சிங்கப்பூரிலும் நம்மைப் போலவே 230 வோல்ட் என்பதால் மின்சாரத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

கேள்வி: பெரியம்மா மகன் கொடுத்த கேம்பாய் கேசட்டில் விளையாடி முடித்த இடம் பதிவாவதே இல்லை. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குகிறது. கேசட் போலியா? (மண்டபம்)

பதில்: போலியாகவும் இருக்கலாம், அசலாக இருந்து உள்ளே பேட்டரி தீர்ந்ததாகவும் இருக்கலாம். அக்காலத்துக் கேசட்டுகளில் பலவற்றில் நாம் சேமித்த இடத்தை நினைவில் வைத்திருக்க நாணயம் போன்ற 3 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அது தீர்ந்தால் விளையாட்டு ஓடும், நினைவு மட்டும் நிற்காது. 1989-இல் அறிமுகமான முதல் கேம்பாய்க்கான அசல் கேசட்டின் பின்னால் சாதாரண ஸ்குரூ டிரைவரால் கழற்ற முடியாத, ஆறு பள்ளங்கள் கொண்ட தனி வகைத் திருகு இருக்கும். உங்களுடையதில் கூட்டல் குறி போட்ட திருகு இருந்தால் ஐயப்படலாம். திறந்தபின் பலகையில் நிண்டெண்டோ பெயர் அச்சிட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பேட்டரியை மாற்றும்போது, காலில் தகடு பற்றவைத்தே விற்கப்படும் பேட்டரியைக் கேட்டு வாங்குங்கள். வெறும் பேட்டரியின் மேல் நேராகச் சால்டரிங் செய்தால் அது சூட்டில் வெடிக்கக்கூடும். பழையதைக் கழற்றியதும் மிச்சமிருக்கும் பதிவும் அழிந்துவிடும் என்பதைப் பெரியம்மா மகனிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: பழைய வீடியோ கேம் பல இலட்சத்துக்கு விற்கிறது என்கிறார்களே. என்னிடம் மரியோ கேசட் இருக்கிறது. (தேவிபட்டினம்)

பதில்: 2021 ஜூலையில் அமெரிக்காவில் சூப்பர் மரியோ 64 கேசட் ஒன்று 15 இலட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது உண்மை. அது தொழிற்சாலை உறை பிரிக்கப்படாதது. உங்களுடையதை நீங்கள் விளையாடியிருக்கிறீர்கள் அல்லவா? தொடர்ந்து விளையாடுங்கள்.

கேள்வி: என் மகன் கல்லூரியில் படிக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் காயலான் கடை தேடி அலைகிறான். இதே விளையாட்டுகளைக் கைப்பேசியில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாமே, காசு எதற்கு என்று கேட்டால் அது சட்டப்படி தவறு என்கிறான். உண்மையா? (சாயல்குடி)

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்வது சரிதான். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புகளோடு சேர்த்தே பாதுகாக்கிறது; கடையில் விற்பனை நின்றுவிட்டதால் அந்த உரிமை முடிந்துவிடுவதில்லை. முறையாக ஒரு நிரலை வைத்திருப்பவர், அது அழிந்துபோனால் உதவும் என்ற அளவில் தனக்காக ஒரு பிரதி எடுத்துவைக்க அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஊர் பேர் தெரியாதவர் பரப்பும் கோப்பை இறக்கிக்கொள்வது அதற்குள் அடங்காது. அவன் வாங்கும் நகல் கேசட்டுகளும் உரிமையாளரின் அனுமதியின்றிச் செய்யப்பட்டவைதாம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவற்றை எடைக்கு வாங்கிப் பழம்பொருளாகப் பாதுகாப்பது வேறு, புதிதாகப் பிரதி எடுத்து விற்பது வேறு என்றே நான் கருதுகிறேன். இரண்டாவதில் அவன் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். செலவைப் பற்றிய உங்கள் கவலைக்கு ஒரு யோசனை உண்டு. கடைக்காரர் பெட்டியை எடை போடும் முன்பே தனியாக எடுத்து வைத்துவிட்டால் விலை ஏறிவிடும். ஆகவே ஒயர், அடாப்டர், உடைந்த ஜாய்ஸ்டிக் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூட்டையாக எடை போட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒரு ஜாய்ஸ்டிக்கின் பொத்தானுக்கு அடியிலுள்ள கரி பூசிய ரப்பர் தேய்ந்திருந்தால், உடைந்த இன்னொன்றின் ரப்பரை எடுத்துப் பொருத்திக்கொள்ளலாம்.